பட்டியிலிருந்து கறிக்கடை வரையில்: ஆடுமாடுகளின் அடையாளமும் இறைச்சியின் பூர்வோத்தரமும்

காங்கயம் இனத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்நிறம் நீங்கிச் சாம்பல் நிறம் வந்துவிடும். அதுவே பொலிகாளையாய் வளர்ந்தால் தலை, திமில், முன்னும் பின்னுமுள்ள சப்பைகள் ஆகிய இடங்களில் கருமை ஏறும். காயடித்து எருதாக்கினால் அக்கருமை மங்கி மறுபடி வெளுக்கும். ஆகவே ஒரே பிராணியின் அங்க அடையாளங்களை மூன்று பருவங்களில் மூன்று பேர் எழுதிவைப்பார்களாயின், அம்மூன்று குறிப்புகளும் வெவ்வேறு மாடுகளைப் பற்றியனபோலவே தோன்றும். கொங்குநாட்டுக் குடியானவர்கள் இதனை நன்கறிவர். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லுவதோடு நில்லாமல், கொம்பின் போக்கையும், சுழியிருக்கும் இடத்தையும், ஈன்ற தாய் இன்னார் தோட்டத்துப் பசு என்பதையும் சேர்த்துச் சொல்லியே அவர்கள் ஒரு மாட்டை இன்னதென்று நிச்சயிப்பது வழக்கம். ஊருக்குள் இவ்வளவு போதும். ஊரெல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போன பிராணியைப் பற்றிச் சொல்ல வாயுள்ளவர் எவரும் அதனுடன் போவதில்லை.

இக்குறையைச் சர்க்கார் நெடுநாளைக்கு முன்பே உணர்ந்திருந்தனர் எனலாம். 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்துப் பவுண்டுக்குக் கொண்டுவந்தால், பவுண்டுக் காவலர் ஒரு ரிஜிஸ்டரில் அவற்றின் தொகையையும் அங்க அடையாளங்களையும், கொண்டுவந்த நாளையும் நேரத்தையும், கொண்டுவந்தவர் பெயரையும் ஊரையும், தெரிந்தால் சொந்தக்காரர் பெயரையும் ஊரையும் எழுதி, கொண்டுவந்தவருக்கு அப்பதிவின் நகலையும் கொடுத்தல் வேண்டும். கர்ணங்களும் மணியக்காரர்களும் இருந்த காலம் 1980ஆம் வருஷத்தோடு முடிந்துவிட்டது; அவர்கள் ஸ்தானத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்துவிட்டனர். ஆயினும் அந்தப் பவுண்டு ரிஜிஸ்டரின் கருத்து பழையதாகிவிடவில்லை. எந்தப் பிராணி, யாருடையது, எங்கிருந்து எங்கே எப்போது போயிற்று என்னும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று இறைச்சி விஷயத்தில் உலகமெங்கும் கேட்கப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவே. அந்தப் பிராணிக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்னும் ஒரு கேள்வி மட்டும் புதிதாய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆடுகளுக்கிடும் குறி

மாட்டைக் காட்டிலும் ஆட்டின் விஷயம் கடினமானது. மேச்சேரிச் செம்மறிகள் பெரும்பாலும் ஒரே வெளிர்ப்பழுப்பு நிறத்தன; நூறு ஆடுகள் பட்டியில் நின்றால் வளர்ப்பவருக்கன்றிப் பிறருக்கு ஒன்றற்கொன்று வேற்றுமை புலப்படாது. குரும்பை என்று வழங்கும் கோயம்புத்தூர்ச் செம்மறி வெண்மையிற் கருமையோ பழுப்போ திட்டாய்க் கலந்திருப்பதால் சிறிது எளிது. ஆட்டுக்காரர்கள் காதின் ஓரத்தை வெட்டியும், முதுகிலோ கொம்பிலோ சாயம் பூசியும், சூட்டுக்கோலால் சுட்டும் தங்கள் பட்டியின் குறியை இட்டுவந்தனர். சாயம் ஐப்பசி மழைக்கு நிற்பதில்லை. காதில் ஒரு வெட்டுக்குமேல் இன்னொரு வெட்டு விழுந்தால் அது வேறு பட்டியின் குறியாய்விடும். ஆடு திருடுவோருக்கு இது தெரியாத வித்தையன்று. சூட்டுக்குறி நிலைத்து நிற்குமாயினும் தோலைக் கெடுத்துவிடும்; மேச்சேரி ஆட்டின் தோலோ தோல் பதனிடுவோரால் விசேஷமாய் விரும்பப்படுவது. அன்றியும் இக்குறிகளெல்லாம் பட்டியைக் காட்டுமேயன்றித் தனித்த ஓர் ஆட்டைக் காட்டமாட்டா.

இப்போது வழக்கத்திற்கு வந்திருப்பது காதுவில்லை. வளையும் தன்மையுள்ள மஞ்சள்நிற வில்லையில் 12 இலக்கங்கள் கொண்ட எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் வேறெந்தப் பிராணிக்கும் கொடுக்கப்படுவதில்லை. தேசியப் பால்வள வாரியம் ஏற்படுத்திய பதிவுமுறையின்கீழ் முதலில் கறவை மாடுகளுக்கு இடப்பட்டுவந்த இவ்வில்லை, 2019ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 11ஆம் தேதி மதுராவில் கோமாரி நோயையும் கன்றுவீச்சு நோயையும் ஒழிப்பதற்கான பெருந்திட்டம் தொடங்கப்பட்ட பிறகு நாடெங்கும் விரைவாய்ப் பரவியது. ஊசி போட்ட மாடு எது, போடாத மாடு எது என்று தெரியாமல் இத்தகைய திட்டத்தை நடத்துவது இயலாது. பிராணியின் இனம், வயது, சொந்தக்காரர் பெயர், ஊர், கைப்பேசி எண், போட்ட தடுப்பூசி, செய்த சிகிச்சை, கைமாறிய விவரம் ஆகியவை இப்போது 'பாரத் பசுதன்' என்னும் கணினிப் பதிவேட்டில் அந்த எண்ணின்கீழ் எழுதப்படுகின்றன.

2019ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம், வெள்ளாடுகள் சுமார் 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். பால்மாடுகளின் காதில் வில்லை சாதாரணமாய்க் காணப்படுகிறது. ஆடுகளில் அவ்வளவு பரவவில்லை. காரணம் வெளிப்படை. மாடு வருஷக்கணக்கில் வீட்டில் நிற்பது. ஆட்டுக் குட்டியோ ஆறு, எட்டு மாதத்தில் விலைக்குப் போய்விடும். இருநூறு உருப்படி உள்ள ஒருவர், நாளைக்கு விற்கப்போகும் கிடாய்க்கு இன்றைக்குக் காது துளைப்பானேன் என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் இறைச்சியாய் ஜனங்களுடைய வீட்டிற்குப் போகிற பிராணி பால்மாடன்று, அந்தக் கிடாய்தான்.

சந்தையில் நடப்பது

பொள்ளாச்சியில் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் கூடும் மாட்டுச் சந்தை பெரும்பாலும் கேரளத்து வியாபாரிகளை நம்பி நடப்பது. ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமைச் சந்தை. ஆட்டுக்கு மூலனூரை அடுத்த கன்னிவாடிச் சந்தை பெயர்பெற்றது. இச்சந்தைகளில் ஒன்றிற்கு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பிராணியின் பூர்வோத்தரம் எவ்வளவு சீக்கிரத்தில் மறைகிறதென்பது விளங்கும். ஒரு கிராமத்திலிருந்து ஐந்து ஆடு, இன்னொரு கிராமத்திலிருந்து ஏழு ஆடு என்று வந்தவை வியாபாரி கையில் ஒரே மந்தையாகின்றன. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்கு ஆட்டின் பல்லும் எடையும் கவலையேயன்றி அது எந்தப் பட்டியது என்பது கவலையன்று. பகல் ஆவதற்குள் அந்த மந்தை லாரியில் ஏறிவிடும். சில ஆடுகள் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று சந்தை மாறுவதும் உண்டு. சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைதாரர் எத்தனை உருப்படி என்று எண்ணுகிறார். எந்த உருப்படி என்று எழுதுவதில்லை.

இப்படி எழுதாமல் விடுவதனால் வரும் கேடு எத்தன்மையது என்பதற்கு இங்கிலாந்து தேசத்தில் 2001ஆம் வருஷம் நடந்ததைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அவ்வருஷம் பிப்ரவரி மாதம் 19ஆம் தேதி, எஸ்ஸெக்ஸ் பிரதேசத்திலுள்ள ஓர் இறைச்சிக்கூடத்தில், வெட்டுவதற்கு முன் பரீட்சை செய்த கால்நடை வைத்தியர் சில பன்றிகளிடம் கோமாரியின் குறிகளைக் கண்டார். மறுநாள் நோய் உறுதிப்பட்டது. சில தினங்களுக்குள், வெகு தூரத்தில் வடக்கே ஹெட்டன் என்னும் ஊரிலிருந்த ஒரு பன்றிப் பண்ணையே மூலம் என்று கண்டுகொண்டனர். பன்றிகளின் விஷயத்தில் பின்னோக்கிப் போக முடிந்தது. ஆடுகளின் விஷயத்தில் அது முடியவில்லை. அப்பண்ணைக்கு அருகே மேய்ந்த சில செம்மறிகள் நோய் வெளிப்படுவதற்குமுன் பிப்ரவரி 13ஆம் தேதி ஹெக்ஸம் சந்தைக்கும், அங்கிருந்து இரண்டு நாளில் லாங்டவுன் என்னும் பெரிய சந்தைக்கும் போயிருந்தன. செம்மறியிடம் கோமாரி வெளியே அதிகம் தெரிவதில்லை. வாயில் சிறு புண், லேசான நொண்டல், அவ்வளவே. அச்சந்தைகளில் கலந்த ஆடுகளை வியாபாரிகள் தேசத்தின் நாலா பக்கமும் கொண்டுபோயினர். அக்காலத்தில் அங்கே மாடுகளுக்குத் தனித்தனி எண்ணும் பயணச்சீட்டுப் போன்ற பத்திரமும் இருந்தன. செம்மறிகளுக்குத் தனி எண் இல்லை. எந்த ஆடு எங்கே போயிற்றென்று தேடுவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் ஊன்றிவிட்டது. அந்த வருஷ முடிவுக்குள் நோயுற்றனவும், நோயுறக்கூடும் என்று அஞ்சப்பட்டனவுமாய் அறுபது லட்சத்திற்கு மேற்பட்ட பிராணிகள் கொன்று அழிக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நோயே இல்லாத ஆடுகள். இன்னது போயிற்று, இன்னது போகவில்லை என்று பிரித்துச் சொல்ல வகையில்லாதபோது எல்லாவற்றையும் சேர்த்து அழிப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

இந்தத் தேசத்தில் மந்தைகளை அப்படி அழிக்கும் வழக்கமில்லை, தடுப்பூசியே ஆயுதம். ஆனால் ஆடுகளின் போக்குவரத்தில் நோய் பரவுவது இங்கும் அவ்வாறே. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987ஆம் வருஷம் விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்னும் தமிழ்நாட்டுக் கிராமத்தில்தான். பின்னர் அது தேசமெங்கும் காணப்படலாயிற்று. 2030ஆம் வருஷத்திற்குள் அதை ஒழித்துவிடுவதென்று உலக ஸ்தாபனங்கள் குறி வைத்திருக்கின்றன. சந்தையில் வாங்கிவந்த புது ஆடு எந்த ஊரது, ஊசி போட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காதவரையில் இந்தக் குறி எட்டுமோ என்பது சந்தேகமே. வாங்கிய ஆட்டைப் பதினைந்து இருபது நாள் தனியே கட்டிவைத்துப் பிறகு பட்டியிற் சேர்ப்பவர்கள் புத்திசாலிகள்.

எண் தலையோடு போகிறது

ஆடு வெட்டப்படும் இடத்தில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இருபது கிலோ எடையுள்ள கிடாயில் ஏறக்குறைய ஒன்பது, பத்து கிலோ இறைச்சி தேறும். முதலில் தலை பிரிகிறது. அது தலைக்கறிக்கென்று தனியே விலைப்படும். தோல் தோல்மண்டிக்குப் போகிறது. கால்களும் குடலும் வேறொருவர் கைக்குப் போகின்றன. உடல் கொக்கியில் தொங்குகிறது. வில்லை இருந்த காது தலையோடு போய்விட்டது! பன்னிரண்டு இலக்கங்களும் அதனுடன் போயின. கொக்கியில் தொங்குவது இப்போது கன்னிவாடி ஆடோ, ராஜஸ்தானத்திலிருந்து லாரியில் வந்த ஆடோ, எவராலும் சொல்ல முடியாது. நகரசபை இறைச்சிக்கூடத்தில் வெட்டினால் தொடையில் ஒரு முத்திரை விழும். பரீட்சை செய்து வெட்டப்பட்டதென்பதை அது சொல்லும். யார் தோட்டத்து ஆடு என்பதை அது சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோரத்து மரத்தடியில் வெட்டி விற்பதில் அந்த முத்திரைகூட இல்லை.

காது வில்லையை வைத்து இறைச்சியை அடையாளம் காட்டும் தேசங்கள் எல்லாவற்றிலும் இவ்விடத்தில்தான் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தலையை எடுக்குமுன் காது எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு, அதே எண்ணையோ அன்றைய வரிசை எண்ணையோ ஒரு சீட்டில் குறித்துப் பின்னங்காலில் கட்டிவிடுகின்றனர். ஒரு பென்சிலும் நோட்டுப்புத்தகமும் உள்ள கடையில் செய்யக்கூடிய காரியமே இது. ஜப்பான் தேசத்தில் 2001ஆம் வருஷம் மாட்டுப் பித்த நோய் கண்டபின் ஜனங்கள் மாட்டிறைச்சி வாங்கவே அஞ்சினர். 2003ஆம் வருஷம் ஒரு சட்டம் இயற்றி ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் கொடுத்து, 2004 டிசம்பர் முதல் கடையில் விற்கும் பொட்டலத்திலும் அந்த எண் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். வாங்குபவர் அந்த எண்ணைக் கொண்டு மாடு பிறந்த இடம், வளர்ந்த இடம், வெட்டிய தேதி ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளலாம். அத்தனை விஸ்தாரமான ஏற்பாடு கொங்குநாட்டு ஆட்டுக்கறிக்கு இப்போது வேண்டியதில்லை. பின்னங்காலில் ஒரு சீட்டு இருந்தாலே பெரிய காரியம்.

மருந்தும் இருபத்தெட்டு நாளும்

எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலிற் சொல்லவேண்டியது மருந்துக் கணக்கைப் பற்றியே. காய்ச்சல் கண்ட ஆட்டுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டு, இரண்டு நாளில் தெளியவில்லையானால் மூன்றாம் நாள் சந்தைக்கு ஓட்டிவிடுவது எங்கும் நடக்கிற சங்கதி. ஓட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. செத்தால் முழு நஷ்டம், விற்றால் பாதி விலையாவது கிடைக்கும் என்பதே அவருடைய கணக்கு. ஆனால் அந்த மருந்து ஆட்டின் ஈரலிலும் குண்டிக்காயிலும் சதையிலும் தங்கியிருக்கிறது. உண்பவர்களுள் அம்மருந்து ஒவ்வாதவர் இருக்கலாம். அதைவிடப் பொதுவான கேடு, இவ்வாறு சிறிது சிறிதாய் மருந்து பரவுவதால் நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் மாறுவது. மனிதருக்கு வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாய்க் கொடுக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கலாகாதென்று 2019ஆம் வருஷம் மத்திய சர்க்கார் தடுத்தது இதனாலேயே.

2012ஆம் வருஷம் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளின் மருந்துப் புட்டிமேல், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து அவற்றின் பாலையோ இறைச்சியையோ உபயோகிக்கலாம் என்னும் காலம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அக்காலம் பரீட்சை செய்து நிச்சயிக்கப்படாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையாமலும், ஆடுமாடு கோழிகளின் இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையாமலும் காத்திருத்தல் வேண்டும். புட்டியின் சிறிய எழுத்தைப் படிக்கச் சோம்பற்படாதவர்கள் சொற்பமே. எந்த ஆட்டுக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று எழுதியிராத பட்டியில் 28 நாளை எங்கிருந்து எண்ணுவது? எல்லா ஆடும் ஒரே நிறமாயிருக்கும் மேச்சேரிப் பட்டியில் ஞாபகம் எத்தனை நாளைக்கு உதவும்?

கோயம்புத்தூர்க் கடையொன்றில் எடுத்த இறைச்சியில் மருந்தின் எச்சம் இருப்பதாய் ஒருநாள் கண்டுபிடிக்கப்பட்டால், யாருடைய ஆடு என்று தெரியாதபடியால் பழி எல்லாரையும் சேரும். மகாராஷ்டிரத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் இதனை அனுபவத்தில் அறிந்தவர்கள். 2003ஆம் வருஷம் அவர்களுடைய திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாய் ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட்டது. 2006ஆம் வருஷம் முதல் ஏற்றுமதித் தோட்டங்களை ஒவ்வொன்றாய்ப் பதிவு செய்து, ஒவ்வொரு பெட்டிப் பழமும் எந்தத் தோட்டத்தது என்று சொல்லக்கூடிய ஏற்பாட்டைச் செய்துகொண்ட பிறகு, குற்றம் ஒரு தோட்டத்தோடு நின்றது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலும் குஞ்சு பொரித்த நாள், தீவனம், மருந்து எல்லாம் கூட்டம் கூட்டமாய்க் கணக்கில் எழுதப்படுகின்றன. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக்கூலி தருகிற முறையாதலால் கணக்கில்லாமல் முடியாது. அங்கும் சில்லறைக் கடைக்காரர் கூண்டில் பல பண்ணைக் கோழிகள் ஒன்றாய்க் கலந்தவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது.

கொறங்காட்டு ஆட்டிற்கு விலை

காங்கயம், தாராபுரம், வெள்ளகோயில், மூலனூர் வட்டாரங்களின் கொறங்காடுகள் உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடியன அல்ல. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல் மரங்களை விட்டு, வெய்யில் காலத்தில் அதன் காயை ஆடுகளுக்கு ஊட்டி வளர்க்கும் இம்முறை தலைமுறை தலைமுறையாய் வந்தது. இக்காட்டில் மேய்ந்த ஆட்டின் கறி தனி ருசியுடையது என்று கொங்குநாட்டார் சொல்லுவர். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் அதற்கு ஐந்து பத்து அதிகம் கொடுத்து வாங்க மனமுள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அதிக விலை கொறங்காட்டுக்காரர் கைக்கு வருவதில்லை. 'மேச்சேரிக் கறி' என்று பலகை எழுதி எந்த ஆட்டையும் விற்கலாம், மறுப்பவர் யார்? ஈரோட்டு மஞ்சள் 2019ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றது. ஆட்டிறைச்சிக்கு அத்தகைய பெயர் நாளைக்குக் கிடைத்தாலும், இந்தக் கறி அந்த ஆட்டினுடையது என்று காட்ட வழியில்லாதவரையில் பெயரின் லாபம் பலகை எழுதுபவருக்கே போய்ச் சேரும்.

வேறு லாபங்கள் சிறியனவாயினும் கைக்கு உடனே எட்டக்கூடியவை. இன்ஷூரன்ஸ் செய்த ஆடோ மாடோ இறந்தால், காதில் வில்லை இல்லாவிடில் பணம் கிடைப்பதில்லை. 2024, 2025ஆம் வருஷங்களில் காங்கயம், வெள்ளகோயில் பக்கங்களில் தெருநாய்கள் பட்டிகளுட் புகுந்து அநேக ஆடுகளைக் கடித்துக் கொன்றன. ஆட்டுக்காரர்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் வைத்து நஷ்டஈடு கேட்டனர். அத்தகைய சமயங்களில் எத்தனை ஆடு, யாருடையது என்பதை எண்ணோடு காட்டக்கூடியவருக்கும், வாயால் சொல்லுபவருக்கும் வித்தியாசம் உண்டு. களவு போன ஆட்டைச் சந்தையில் கண்டவர் போலீஸாரிடம் இது என்னுடையதென்று நிரூபிப்பதும் அவ்வாறே.

பட்டியில் செய்யவேண்டியது

இவ்விஷயத்தில் முதற்காரியம் ஒரு நோட்டுப்புத்தகம். இருநூறு பக்க நோட்டு ஒன்றில் ஆட்டின் எண், பிறந்த தேதி அல்லது வாங்கிய தேதி, வாங்கியிருந்தால் எங்கே யாரிடம், போட்ட ஊசி, கொடுத்த மருந்தின் பெயர், அதன்படி விற்கக்கூடிய முதல் தேதி, விற்ற தேதி, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை எழுதினாற் போதும். இவற்றுள் 'விற்கக்கூடிய முதல் தேதி' என்னும் கலமே உயிர்நிலை. எழுத்தறியாத மேய்ப்பவர் கையில் பட்டி இருக்குமாயின், ஊசி போட்ட ஆட்டின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, நாள் முடிந்தபின் அவிழ்ப்பது நல்ல உபாயம். கலங்களை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போகிற உத்தியோகஸ்தர்களும் உண்டு. காகிதம் தின்று ஆடு கொழுப்பதில்லை என்பதை அவர்கள் நினைவில் வைத்தல் நலம்.

விற்பனைக்கென்றே வளர்க்கும் குட்டிகளுக்குத் தனி எண் இயலாதென்று தோன்றினால் ஐரோப்பிய முறையைக் கைக்கொள்ளலாம். அங்கே ஒரு வயதுக்குள் வெட்டப்போகும் குட்டிகளுக்கு மந்தையின் எண் உள்ள ஒற்றை வில்லையே போதுமென்று விட்டிருக்கின்றனர். தாய் ஆடுகளுக்கும் பொலிகிடாய்களுக்கும் மட்டும் தனி எண். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்திற்கும் ஓர் எண் கொடுத்து, ஆடு விற்கும்போது கொடுத்த மருந்தையும் தீவனத்தையும் பற்றிச் சொந்தக்காரர் கையெழுத்திட்ட ஒரு சீட்டும் உடன் போகவேண்டும் என்று ஏற்படுத்தினர். இருபது வருஷங்களுக்குமேல் மாடுகளுக்கு மின்வில்லை இட்டுப் பழகிய பிறகே, 2025 ஜனவரி முதல் பிறக்கும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மின்வில்லை என்னும் விதி வந்தது. மந்தை எண்ணும் கையெழுத்துச் சீட்டும் கொங்குநாட்டுக் குடியானவருக்குச் சக்திக்கு மிஞ்சிய காரியங்களல்ல. கன்னிவாடி போன்ற ஒரு சந்தையில், சீட்டுள்ள ஆடுகளுக்கென்று ஓர் ஓரம் ஒதுக்கிவைத்து ஒரு வருஷம் நடத்திப் பார்த்தால், வியாபாரிகள் எந்தப் பக்கம் போகிறார்களென்பது தெரிந்துவிடும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. 2009ஆம் வருஷத்துப் பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, தம் ஆடுமாடுகளுக்கு அச்சட்டத்தின் அட்டவணையிற் கண்ட நோய் இருப்பதாய்க் கருதுபவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவித்தல் வேண்டும். அவர் அதை எழுத்து மூலம் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு அனுப்ப ஏற்பாடுண்டு. தடுப்பூசி போட்ட பிராணிக்குக் குறியிடுவதற்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு எழுதும்போது 'இன்னார் ஆடு நான்கு' என்று மட்டும் எழுதாமல், வில்லை எண்ணையும், அந்த ஆடுகள் கடைசியாய் எந்தச் சந்தைக்குப் போய்வந்தன என்பதையும், சென்ற மாதத்தில் அந்தப் பட்டியிலிருந்து யாருக்கு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால், வைத்தியர் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய வழி அந்தக் காகிதத்திலேயே கிடைத்துவிடும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் நடமாடும் வைத்திய வண்டி வருமாயினும், எழுத்துமூலமான அறிக்கைக்கு அது ஈடாகாது.

வில்லை இடுவதில் சில எச்சரிக்கைகள் உண்டு. காதின் நடுவில், இரண்டு குருத்தெலும்பு வரம்புகளுக்கும் இடைப்பட்ட மெல்லிய இடத்தில், இரத்தக் குழாய் படாமற் பார்த்துத் துளையிடல் வேண்டும். கருவியை ஒவ்வோர் ஆட்டுக்கும் மருந்து நீரில் நனைத்தெடுத்தால் ஒன்றன் நோய் மற்றொன்றிற்குப் போகாது. ஈ மொய்க்கும் மழைக்காலத்தைத் தவிர்த்து, காலை நேரத்தில் இட்டு, வேப்பெண்ணெய் தடவி ஒரு வாரம் பார்த்துவருதல் நலம். புழு வைத்துவிட்டால் காதும் போய் வில்லையும் போய்விடும். கிளுவை முள்ளிலும் வெள்வேல் முள்ளிலும் புகுந்து மேயும் வெள்ளாட்டின் வில்லை அறுந்து விழுவது சகஜம். விழுந்த வில்லையை எடுத்து வேறோர் ஆட்டின் காதில் மாட்டுவது கூடாது. கால்நடை வைத்தியசாலையில் தெரிவித்துப் புது வில்லை இட்டு, புது எண்ணையும் பழைய எண்ணையும் பதிவேட்டில் இணைக்கச் செய்து, நோட்டுப்புத்தகத்தில் பழைய எண்ணை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதை எழுதிக்கொள்ளல் வேண்டும்.